பொங்கிய பானைக்கு யார் அனுமதி கொடுத்தது?

மலேசியப் பல்கலைக்கழகத்தில் பிள்ளையைச் சேர்த்த பெற்றோர் முதலில் கற்றுக்கொள்ளும் சொல் ‘ஏஜேகே’. அஹ்லி ஜவாத்தான்குவாசா, அதாவது செயற்குழு உறுப்பினர். போன் போட்டு “பசியாறியாச்சாம்மா?” என்று கேட்டால், “மீட்டிங்ல இருக்கேன்ப்பா” என்று கிசுகிசுப்பாகப் பதில் வரும். காலையில் மீட்டிங், இரவு பதினொரு மணிக்கும் மீட்டிங். நாட்டின் அமைச்சரவைகூட இத்தனை தடவை கூடுவதாகத் தெரியவில்லை. என் மகள் பினாங்கில், ஊரே யூஎஸ்எம் என்று அழைக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிறாள். எந்த நேரத்தில் படிக்கிறாள் என்று தெரிந்துகொள்ளவே ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். அன்று வளாகத்தில் பொங்கல் விழா. மகள் ‘புரோட்டோகோல்’ ஏஜேகே.

நானும் அங்கே பட்டம் வாங்கியவன்தான், ஆனால் தபாலில். 1969-இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகம் 1971-லேயே வேலை பார்ப்பவர்களுக்குத் தொலைதூரக் கல்வியைத் திறந்துவிட்டது. என்னைப் போன்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் மாணவர்களின் வீட்டுப்பாடத்தைத் திருத்திவிட்டு, தங்கள் வீட்டுப்பாடத்தை எழுதி அஞ்சலில் சேர்த்தார்கள். ஆண்டுக்கொரு முறை, பள்ளி விடுமுறையில், சில வாரங்கள் வளாகத்தில் தங்கி விரிவுரை கேட்க வேண்டும். அப்போது எங்களுக்கு இருந்த வளாக நடவடிக்கைகள் இரண்டு. ஒன்று, சட்டை துவைப்பது. இன்னொன்று, பொதுத் தொலைபேசி முன்னால் கை நிறையச் சில்லறையோடு வரிசையில் நிற்பது.

இப்போது நடப்பதே வேறு. கெலுகோர் பக்கத்தில் இருக்கும் இந்த மிண்டன் வளாகம் முன்பு பிரிட்டிஷ் படைமுகாமாக இருந்தது. 1759-இல் ஜெர்மனியில் மிண்டன் என்ற ஊரில் நடந்த போரின் பெயரைத்தான் இந்தப் பினாங்கு மேட்டுக்கு வைத்தார்கள். பட்டாளம் போய் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் மண்ணின் குணம் போகவில்லை. பொங்கல் வைக்கவும் ஒரு படை திரண்டிருந்தது. இயக்குநர், துணை இயக்குநர், செயலாளர், பொருளாளர் ஆகியோருக்குக் கீழே அலங்காரம், உணவு, போக்குவரத்து, பாதுகாப்பு, பரிசு, படம் எடுப்பது என்று தனித்தனிப் பிரிவுகள். எல்லாருக்கும் ஒரே நிறச் சட்டை, முதுகில் பதவிப் பெயர். சாதாரண உடையில் வந்த பொதுமக்கள் என்றால், நானும் பக்கத்தில் படுத்திருந்த பூனையும்தான்.

விழாவுக்கான ‘கெர்த்தாஸ் கெர்ஜா’வை மகள் காட்டினாள். எந்த நிகழ்ச்சிக்கும் முதலில் எழுத வேண்டிய செயல்திட்ட அறிக்கை அது. நோக்கம் ஒன்று, மாணவர்களிடையே தலைமைத்துவத்தை வளர்த்தல். நோக்கம் இரண்டு, இன நல்லிணக்கம். நோக்கம் மூன்று, நேர நிர்வாகம். இணைப்பில் வரவு செலவு, மழை வந்தால் மாற்று இடம், தீயணைப்புக் கருவி வைக்கும் இடத்தின் வரைபடம் எல்லாம் இருந்தன. சூரியனை மட்டும் காணோம். “அவரு விஐபி பட்டியல்ல இல்லையாம்மா?” என்று கேட்டேன். “ப்பா, ப்ளீஸ்” என்றாள்.

கரும்புக்குப் பொறுப்பேற்றிருந்தவர் ஒரு சீன மாணவர். “கரும்பைப் பற்றி உனக்கு என்னப்பா தெரியும்?” என்று மலாயில் கேட்டேன். பினாங்கில் பிறந்த ஹொக்கியன் பிள்ளையிடம் இதைக் கேட்கக் கூடாது. சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் இரவு, ஒன்பதாம் நாள் பிறக்கும் நேரத்தில், ஹொக்கியன் குடும்பங்கள் கரும்பை முழுசாக நிறுத்தி வானத்துப் பேரரசரைக் கும்பிடுவார்கள்; ஜார்ஜ் டவுன் சியூ ஜெட்டியில் அந்த இரவைப் பார்க்கவே கூட்டம் கூடும். ஒரு காலத்தில் எதிரிகளிடமிருந்து அவர்களுடைய முன்னோர் தப்பி ஒளிந்தது கரும்புக் காட்டிலாம். யாரிடம் சொன்னால் வேரோடும் தோகையோடும் கரும்பு கிடைக்கும் என்று அந்தப் பையனுக்குத் தெரிந்திருந்தது. அவன் கொண்டுவந்த கரும்பைப் பார்த்தபோது, இத்தனை வருஷம் நான் சந்தையில் கொடுத்த காசை நினைத்து வருத்தமாக இருந்தது. நோக்கம் இரண்டு அங்கேயே நிறைவேறிவிட்டது. யாரும் படம் எடுக்கவில்லை.

கோலப் போட்டி அடுத்தது. நம் ஊரில் கோலம் என்றால் பெரும்பாலும் சாயம் போட்ட அரிசி. ஒவ்வொரு குழுவிலும் எல்லா இனத்தவரும் இருக்க வேண்டும் என்பது விதி. அக்கரையிலிருந்து வரவேண்டிய நடுவர் பினாங்குப் பாலத்தின் 13.5 கிலோமீட்டரில் எங்கோ மாட்டிக்கொண்டார். நான் சட்டைப் பையில் பேனா செருகியிருந்தேன். இந்தக் காலத்தில் பேனா வைத்திருப்பவர் ஒன்று போலீஸ்காரராக இருக்க வேண்டும், இல்லை நடுவராக இருக்க வேண்டும் என்று பிள்ளைகள் முடிவு செய்துவிட்டார்கள் போலிருக்கிறது. “சிக்கு, தோலோங்”, அதாவது ‘ஆசிரியரே, உதவுங்கள்’ என்று ஒரு மலாய் மாணவி மதிப்பெண் தாளை நீட்டினாள். வண்ணம், நேர்த்தி, கருப்பொருள், குழுவுணர்வு. குழுவுணர்வை எப்படி அளப்பது? ஒரு குழு சண்டை போட்டுக்கொண்டே அற்புதமாக மயில் போட்டது. இன்னொரு குழு சிரித்துப் பேசிக்கொண்டே கோழி போட்டு, அதுவும் மயில்தான் என்றது. இதற்குள் மைனாக்கள் வந்து ஒரு மயிலின் தோகையைச் சாப்பிடத் தொடங்கின. அந்தக் குழுவுக்குக் கருப்பொருளில் முழு மதிப்பெண் கொடுத்தேன். எறும்புக்கும் பறவைக்கும் போட்டதுதானே கோலம்.

பிறகு பானை. சிறப்பு விருந்தினர் வந்து அமர்ந்து, வரவேற்புரை முடிந்து, அவர் கையால் அரிசி போட்டு, அதன்பின் பொங்க வேண்டும். நிமிடக் கணக்கில் அட்டவணை இருந்தது. ஆனால் உரை ஆற்றிய மாணவ இயக்குநர், மேடையில் இருந்தவர்களைப் பட்டம் பதவியோடு விளித்து முடிக்கவே நேரமாகிவிட்டது. நம் நாட்டில் யாரையாவது விட்டுவிட்டால் பொங்கலோடு போகாது, தீபாவளி வரைக்கும் பேசுவார்கள். பேச்சை அவர் ஒரு குறளோடும், கூடவே பந்துன் என்ற மலாய்க் கவிதை ஒன்றோடும் முடித்தார். விறகோ நன்றாகக் காய்ந்த விறகு. பந்துனின் மூன்றாம் அடியில் பால் பொங்கி வழிந்துவிட்டது.

மேடையிலிருந்து என் மகள் பானையை ஒரு பார்வை பார்த்தாள். அவள் அம்மா என்னைப் பார்க்கும் அதே பார்வை. யாரோ ஒரு பாட்டி மட்டும் “பொங்கலோ பொங்கல்!” என்று கூவினார். உணவு ஏஜேகே ஓடிப்போய் இன்னும் பால் ஊற்றினார், விறகை இழுத்தார், மறுபடி தள்ளினார். விருந்தினர் எழுந்து வந்ததும் பானை இரண்டாம் தடவை, இந்தத் தடவை விதிமுறைப்படி, பொங்கியது. அதைத்தான் படம் எடுத்தார்கள். இரண்டு தடவை பொங்கினால் இரட்டிப்பு விளைச்சல் என்று பாட்டி சொல்லிவிட்டதால் யாருக்கும் குறையில்லை.

வாசலில் இன்னொரு வரிசை. வளாக நடவடிக்கைகளுக்குப் புள்ளி வழங்கும் ‘மைசிஎஸ்டி’ முறை அங்கே உண்டு. கியூஆர் கட்டத்தைப் போனில் காட்டி வருகையைப் பதிந்த பிறகு, “இது என்ன நிகழ்ச்சி?” என்று கேட்ட ஒரு மாணவரையும் சந்தித்தேன். அவரைக் குறை சொல்ல மாட்டேன். சர்க்கரைப் பொங்கலை மூன்று கிண்ணம் சாப்பிட்டுவிட்டு, கடைசிவரை இருந்து நாற்காலி மடக்கியவர் அவர்தான். முடிவில் எல்லாருக்கும் சான்றிதழ். நடுவர் என்று எனக்கும் ஒன்று வந்தது. தபாலில் படித்த காலத்தில் இப்படி ஒரு தாளுக்கு எத்தனை ராத்திரி கண்விழித்தேன்!

மகள் எப்போது படிக்கிறாள் என்பது கடைசிவரை தெரியவில்லை. ஆனால் கடிதம் எழுத, காசு திரட்ட, கரும்பு பிடிக்க, கோபத்தை விழுங்க, பொங்கியதை மறுபடி பொங்க வைக்க அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வரலாறு படித்து என்ன வேலை கிடைக்கும் என்று கேட்கும் சொந்தக்காரர்கள் அடுத்த கல்யாணத்தை அவள் கையில் ஒப்படைத்துப் பார்க்கலாம்.

உங்கள் பிள்ளையும் ஏதாவதொரு குழுவில் ஏஜேகேயாக இருந்தால், போனில் திட்டிக்கொண்டிருக்காமல் ஒரு சனிக்கிழமை நேரில் போய்வாருங்கள். எட்டரை என்று அட்டையில் போட்டிருந்தால் பத்து என்று படித்துக்கொள்ளுங்கள்; பசியாறிவிட்டே போங்கள். பேனாவை மட்டும் வீட்டில் வைத்துவிடுங்கள்.