இல்லாத வட்டிக்கு உள்ள வரி

வட்டியில்லாத் தவணையில் வட்டி உண்டு. அந்தத் தொகையைக் கடையோ கம்பெனியோ விலையில் கழித்துக் காட்டும். வங்கி அதைத் தவணையில் சேர்த்து வசூலிக்கும். ரொக்கத்துக்குக் கிடைத்திருக்கக்கூடிய தள்ளுபடிதான் பெரும்பாலும் இப்படி வேடம் மாறி வருகிறது. பூஜ்ய சதவீத வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என 2013 செப்டம்பரில் இந்திய ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டது. இன்றைய விளம்பரங்களில் அதன் பெயர் ‘நோ காஸ்ட் இஎம்ஐ’.

கிரெடிட் கார்டில் வாங்கினால், இல்லாத அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. செயலாக்கக் கட்டணம் தனி. அதற்கும் அதே வரி. ஒரு தவணை தவறினால், அதுவரை ஒளிந்திருந்த வட்டி தன் சொந்தப் பெயரிலேயே வந்து நிற்கும்.

வீட்டுச் சீரமைப்புக்கு இந்தத் தவணை முறை கச்சிதமாகப் பொருந்துகிறது. சமையலறைச் சிம்னி தவணையில் வரும். அதற்குத் துளையிட்ட சுவர் புது டைல்ஸ் கேட்கும்; டைல்ஸ் மாடுலர் கிச்சனைக் கேட்கும். எல்லாவற்றுக்கும் தவணை உண்டு, கொத்தனார் கூலியைத் தவிர. அவருக்குச் சனிக்கிழமை சாயங்காலம் ரொக்கம்.