காற்றடித்தால் பலம் கூடுமா?

கேள்வி: என் ஃபோர்டு எஃப்-250 பிக்கப்பில் டிரெய்லரை மாட்டினால் பின்பக்கம் உட்கார்ந்துவிடுகிறது. சஸ்பென்ஷனில் ஏர் பேக் போட்டால் கூடுதல் பாரம் இழுக்கலாமா? (வாசகர், டெக்சாஸ்)

பதில்: தொப்பைக்கு பெல்ட் கட்டினால் ஆள் நிமிர்ந்து நிற்பார், எடை மிஷின் ஏமாறாது. அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவே உட்காரும் இந்த ரப்பர் பையும் அப்படித்தான். வண்டி மட்டமாகும், ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணைக் கூசவைக்காது. ஆனால் அச்சு, டயர், பிரேக் எல்லாம் அதே பழையவைதானே! ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் சொல்லும் எடைதான் எல்லை. பாரம் இறக்கியதும் காற்றைக் குறையுங்கள், அடியோடு பிடுங்கிவிடாதீர்கள். பல பைகளுக்குக் குறைந்தது 5 பிஎஸ்ஐயாவது வேண்டும், இல்லாவிட்டால் மடிந்து கிழியும். ஸ்டிக்கர் எல்லைக்கும் மேல் பாரம் இழுக்க ஆசையா? பை வாங்காதீர்கள், எஃப்-350 வாங்குங்கள்!