இருபத்திரண்டு டிகிரிக் குளிர்

டிசம்பர் பிறந்துவிட்டால் திருவனந்தபுரத்தில் பீரோக்கள் திறக்கும். மஃப்ளர், மங்கி கேப், எந்த மருமகனோ துபாயிலிருந்து வாங்கி வந்த ஸ்வெட்டர் எல்லாம் பாச்சை உருண்டை வாசத்தோடு வெளியே வரும். விடிகாலை வெப்பநிலை 22, மிஞ்சினால் 23 டிகிரி. மே மாத விடியலைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவு, அவ்வளவுதான். மியூசியம் வளாகத்தில் நடக்கவருகிறவர்களைப் பார்த்தால் இமயமலைக்குக் கிளம்பிய கோஷ்டி என்றே தோன்றும்.

இவர்களுக்கு நடுவே அரைக்கால் சட்டையோடு நெடுந்தூரம் ஓடுகிற ஜாதி நான். குளிர்கால ஓட்டத்துக்கு வெளிநாட்டார் சொல்லும் யோசனைகளை எல்லாம் படித்துவிடுவேன். உடம்போடு ஒட்டி ஒரு பனியன், அதன்மேல் காற்றுத் தடுக்க ஒன்று, கையுறை, இமையில் உறைபனி படியாமல் கண்ணாடி. கரமனையில் என் இமையில் படிவது உப்பு.

மாரத்தானுக்குத் தோதான வெப்பநிலை 10 டிகிரிக்கு அக்கம்பக்கம். 2019 அக்டோபரில் எலியுட் கிப்சோகே வியன்னாவில் 42.195 கிலோமீட்டரை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடி முடித்தபோது அங்கே ஏறக்குறைய அந்தக் குளிர்தான். ஓடும் உடம்பு எரிக்கிற சக்தியில் சுமார் கால்பங்குதான் ஓட்டமாக மாறுகிறது, மிச்சமெல்லாம் சூடு. அந்தச் சூடு இறங்க வியர்வை காயவேண்டும். நம்மூர்க் காற்றோ விடியற்காலையில்தான் ஈரத்தால் நிரம்பி நிற்கும். கிழக்கேகோட்டையில் புறப்படும்போதே பிதுங்கி வழியும் பஸ் மாதிரி. என் வியர்வைக்கு அதில் ஃபுட்போர்டுகூடக் கிடைக்காது. அது நேராக ஷூவுக்குள் இறங்கிவிடும். வெள்ளயம்பலம் தாண்டிக் கவடியார் பக்கம் திரும்பும்போது நான் வருவது இருநூறு அடிக்கு முன்பே சளக் சளக் என்று கேட்கும். 1880-இல் கட்டிய நேப்பியர் மியூசியத்தை ராபர்ட் சிஷோம் காற்றோட்டத்துக்கு வழிசெய்து வரைந்திருக்கிறார். அந்த வளாகத்தில் வியர்க்காத ஒரே ஆள் அந்தக் கட்டடம்தான்.

வியர்வையைக்கூடச் சகித்துக்கொள்ளலாம், சித்தப்பாவை முடியாது. நாகர்கோவிலில் பிறந்து, செக்ரட்டேரியட்டில் ஃபைல் தள்ளி ஓய்வுபெற்றவர். ஓடிவிட்டு நான் படியேறும்போது வாசலில் மஃப்ளரும் மூக்குமாக உட்கார்ந்திருப்பார்.

"எடே, மகரப் பனியாக்கும். தலையில எறங்கிச்சுன்னா பின்ன கேறாது, கேட்டியா?"

எனக்கு வேர்த்துக் கொட்டுகிறது என்றால், அதுதான் பனி இறங்குவதற்கு அடையாளம் என்பார். கையோடு சித்தி வந்து உச்சந்தலையில் ராஸ்னாதிப் பொடியைத் தேய்த்து, சுக்குக் காப்பியையும் நீட்டுவார். உள்ளே எரிகிற அடுப்புக்கு மேலே இன்னும் இரண்டு விறகு. இதே சித்தப்பா சபரிமலைக்கு மாலை போட்டுவிட்டால் விடிகாலை நாலு மணிக்குப் பச்சைத் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொள்வார். கேட்டால், அது ஐயப்பன் கணக்கு, பனி அதில் தலையிடாது என்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஈஞ்சக்கல் வழியாகச் சங்குமுகம் போவேன். பத்மநாப சுவாமியின் ஆறாட்டு ஊர்வலமும் அந்தக் கடற்கரைக்குத்தான் வருகிறது. பங்குனியிலும் ஐப்பசியிலும் அவர் விமான நிலைய ஓடுபாதைக்குக் குறுக்கே போவதால் சில மணி நேரம் விமானங்களையே நிறுத்திவைக்கிறார்கள். எனக்கு ஓர் ஆட்டோகூட நிற்பதில்லை. நிற்பவை நாய்கள்தான். வழியில் ஒரு தட்டுக்கடை, அங்கே டீ ஆற்றுகிறவர் ஒவ்வொரு முறையும் அக்கறையாக விசாரிப்பார்: "எந்தரு அண்ணா, பட்டி ஓடிச்சா?" இல்லை, நானாகத்தான் ஓடுகிறேன் என்றால் அவர் முகத்தில் தெரிவது இரக்கம்.

சித்தப்பாவை மடக்க ஓர் ஆயுதம் வைத்திருந்தேன்: ஜப்பானின் யுகி கவாவுச்சி. 2018 ஜனவரி 1 அன்று அமெரிக்காவின் மார்ஷ்ஃபீல்டில், மைனஸ் 17 டிகிரி போலிருந்த குளிரில், மாரத்தானை 2 மணி 18 நிமிடம் 59 விநாடியில் முடித்தவர். அதே ஏப்ரலில் பாஸ்டனில் கொட்டும் மழை, உறைய வைக்கும் எதிர்க்காற்று. பெரிய பெரிய ஓட்டக்காரர்கள் பாதியிலேயே கழன்றுகொள்ள, இவர் முதலாவதாக வந்தார். அப்போது அவருடைய வேலை, சைத்தாமாவில் ஒரு அரசுப் பள்ளி ஆபீஸில் குமாஸ்தா உத்தியோகம்.

"கவர்மென்ட் சர்வீஸா?" சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். மஃப்ளர் நழுவியதைக்கூடக் கவனிக்கவில்லை. "லீவு சாங்ஷன் ஆச்சா? இல்ல லாஸ் ஆஃப் பேயா? பி.எஃப். உண்டுமா?"

முதல்முறையாக ஓட்டத்தைப் பற்றி அவர் மரியாதையாகப் பேசுகிறார். அந்த உற்சாகத்தில் மிச்சக் கதையையும் சொல்லிவிட்டேன். முழுநேரமும் ஓடவேண்டும் என்பதற்காக 2019-இல் அவர் அந்த வேலையை ராஜினாமா செய்தார்.

சித்தப்பா கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு சித்தியைக் கூப்பிட்டார்.

"கேட்டியாடி? பென்ஷனை விட்டுட்டு ஓடுகானாம். நான் சொன்னேம்லா, பனி தலையில எறங்கிப்போச்சு. அந்தப் பொடியை எடுத்துட்டு வா, இவனுக்கு இன்னொரு தடவை தேய்க்கணும்."