இருமுங்க மாமா

போன செவ்வாய்க்கிழமை திருச்சி புத்தூர் நாலு ரோடு டீக்கடையில் என் தங்கை மகன் சொன்னது இன்னும் செரிக்கவில்லை. "சர்ஜரியா? வேற ப்ராஞ்சே கிடைக்கலேன்னா பார்க்கலாம் மாமா." அவனோடு நின்ற மற்ற இரண்டு ஹவுஸ் சர்ஜன்களும் தலையாட்டினார்கள். பட்டத்தைக் கவனியுங்கள்: ஹவுஸ் சர்ஜன்!

எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்பதற்குக் காரணம் உண்டு. கடைசியில் சொல்கிறேன்.

குழுமாயி அம்மன் கோயில் குட்டி குடித் திருவிழாவில் ஆட்டு ரத்தத்தை என் தோளில் உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்த பயல் இவன். இப்போது ரேடியாலஜி வேண்டுமாம். ஏனென்றால் ஏசி. அதுவும் மிஷினுக்காகப் போட்ட ஏசி. மனுஷனுக்குப் போட்டது ரிப்பேரானால் ஆறு மாதம் கிடக்கும்; மிஷினுக்குப் போட்டதற்கு அன்றைக்கே ஆள் வரும். சித்திரை வெயிலில் ஸ்வெட்டர் போட்டு உட்கார திருச்சியில் வேறு இடம் ஏது? நோயாளி வாயே திறக்க மாட்டார். 'மூச்சை இழுங்க, விடாதீங்க' என்று நாம்தான் பேசுவோம்.

"ஆபரேஷன் தியேட்டர்லயும் ஏசி இருக்கேடா?"

"இருக்கு. அங்க வேர்க்கும்."

ரிட்ராக்டர் என்றொரு கொக்கியாம். ஈரலை இழுத்துப் பிடிக்கச் சொல்லிக் கையில் கொடுத்துவிடுவார்களாம். மூன்று மணி நேரம். மூக்கு அரித்தால் சொறியக் கூடாது. உள்ளே நடப்பது தெரியாது, சீனியர் முதுகுதான் தெரியும். ஃபேன் மாட்டுகிறவருக்கு ஸ்டூல் பிடிக்கிற கதை. ஃபேன் ஓடினால் பேர் அவருக்கு. ஆடினால் 'ஸ்டூலை ஒழுங்காப் பிடிச்சியா?'

"ரங்காச்சாரி தெரியுமா? சொந்த விமானத்துல போய் வைத்தியம் பார்த்த சர்ஜன். சென்னை பெரியாஸ்பத்திரி வாசல்ல சிலையா நிக்கறார்."

"சிலையானப்புறமும் உட்கார விடலையா மாமா?"

1975இல் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் பைபாஸைச் செய்தார். இன்று இதய அறுவைப் படிப்பில் கவுன்சிலிங் முடிந்தும் இடம் காலியாகக் கிடக்கிறது. கணக்கு அப்படி: எம்.பி.பி.எஸ். 5½ வருஷம், எம்.எஸ். 3, எம்.சிஎச். 3. அதுவரை பெண் வீட்டாரிடம் 'பையன் படிச்சிட்டிருக்கான்' என்றே சொல்ல வேண்டும். ஆள் பிழைத்தால் சமயபுரத்தாள் புண்ணியம், பிழைக்காவிட்டால் சர்ஜனுக்கு அடி. பயல் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

கோபத்தோடு ஸ்கூட்டரை ஸ்டாண்டிலிருந்து இறக்கினேன். கை தானாக அடிவயிற்றுக்குப் போனது. மூவரும் டம்ளரைக் கீழே வைத்தார்கள்.

"ஹெர்னியாவா? எத்தனை நாளா மாமா?"

"ரெண்டு வருஷமா. கேஸ் சிலிண்டர் தூக்கினதிலேர்ந்து."

"யார்கிட்டயும் காட்டலையா?"

"நீதான் சர்ஜனாகி..."

"இப்படித் திரும்புங்க. இருமுங்க."

நாலு ரோடு பார்க்க இருமினேன்.