டாக்டர் ஓட்டின வண்டி

பழைய கார் விற்கிறவர்கள் சொல்வதை அப்படியே நம்பினால், தமிழ்நாட்டில் புதுக்கார் வாங்குகிற ஒரே வர்க்கம் டாக்டர்கள்தான். அவர்களும் வாங்கிய கையோடு காரை ஷெட்டில் ஏற்றிவிட்டு, கிளினிக்குக்கு நடந்தே போகிறார்கள். "டாக்டர் ஓட்டின வண்டி சார், சிங்கிள் ஓனர், இன்ஜின்ல கையே வைக்கல." வண்டிக்கு வயது பத்து, மீட்டரில் 38,000. டாக்டர் அமையாத வண்டிகளுக்கு ரிட்டயர்டு பேங்க் மேனேஜர். அவரும் இல்லையென்றால் 'லேடி ஓனர்'. ஊர் ஊராகச் சுற்றுகிற மெடிக்கல் ரெப், முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் வாடகைக்கு விட்டவர், மூன்று பிள்ளைகளும் டிரைவிங் பழகிய குடும்பம், இவர்களெல்லாம் தங்கள் காரை எங்கேதான் கொண்டுபோய் விற்கிறார்களோ தெரியவில்லை. ஒரு புரோக்கரும் அப்படியொரு காரை எனக்குக் காட்டியதே கிடையாது.

வீடு மதுராந்தகம், வேலை வல்லம் வடகால் சிப்காட். செங்கல்பட்டு, சிங்கப்பெருமாள் கோவில், ஒரகடம் என்று தொட்டுத் தொட்டுப் போனால் ஒரு வழிக்கே அறுபது கிலோமீட்டர் பக்கம். கம்பெனி பஸ் செங்கல்பட்டோடு சரி. ரயில் சிங்கப்பெருமாள் கோவில் வரை நல்ல பிள்ளையாக வந்துவிட்டு, ஒரகடம் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாம்பரத்துக்குப் போய்விடும். அதனால் இத்தனை நாளும் பைக். ஜி.எஸ்.டி. ரோட்டில், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, ஐப்பசி மழையில் பைக் ஓட்டுகிறவனை வீட்டில் வழியனுப்புகிற விதமே தனி. இனிமேல் கார் என்று முடிவானது. பட்ஜெட் இரண்டரை லட்சம்.

சேதி பரவியதும் சொந்தபந்தம் எல்லாம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: எவ்வளவு கொடுக்கும்? இந்தக் கேள்வி ஒன்றை மட்டும் வைத்தே மாருதிக்காரர்கள் ஒரு விளம்பரத் தொடர் எடுத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இதற்குப் பதில் புனேயில் இருக்கிறது. அங்கே ஏ.ஆர்.ஏ.ஐ. ஆய்வுக்கூடத்தில் வண்டியின் சக்கரங்களை உருளைமேல் நிறுத்தி, ஏ.சி.யை அணைத்துவிட்டு, இருந்த இடத்திலேயே ஓட்டி, லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று ஒரு எண்ணைக் கண்டுபிடிக்கிறார்கள். பழைய ஆல்டோ கே10க்கு 24.07. ஸ்விஃப்ட் டீசலுக்கு 25.2. செலெரியோ டீசலுக்கு 27.62. புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் வந்துவிட்டால் நம் ஜனங்களுக்கு அது வேதவாக்கு. அந்த உருளைமேல் எருமை குறுக்கே வராது, பரனூர் டோல் கிடையாது, பின்சீட்டில் மாமியாரும் காலடியில் அரைமூட்டை அரிசியும் கிடையாது.

என் மச்சானுக்கு 27.62 மேல் காதல். "மாமா, அந்த செலெரியோ டீசல எடுத்துடுங்க. 793 சி.சி., ரெண்டே சிலிண்டர். 2015ல வந்து 2017லயே நிறுத்திட்டான். அபூர்வமான வண்டி."

"பார்ட்ஸ் கிடைக்குமாடா?"

"அதுவும் அபூர்வம்தான்."

செலெரியோவிலிருந்து அவனை இறக்க, ஸ்விஃப்ட் டீசலில் ஏறிக்கொண்டான். 2015 மாடல், நான்கு லட்சம். "ஒன்றரை லட்சம் கூடப் போட்டா என்ன மாமா, டீசல் செலவுலயே எடுத்துடலாம்."

இந்த இடத்தில் என் மனைவி பால் கணக்கு நோட்டை எடுத்தாள். அவள் எங்கள் தெரு மகளிர் சுயஉதவிக் குழுவின் பொருளாளர். தவணை தவறியவர்கள் அந்த நோட்டைக் கண்டால் எதிர்த்தெருவுக்கு மாறிவிடுவார்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில், பேனா எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்த்ததற்குப் பக்கத்தில், கணக்கு ஆரம்பமானது. தினம் 120 கிலோமீட்டர், மாதம் 25 நாள், மொத்தம் 3,000.

"லிட்டருக்குப் பத்து கொடுக்கிற வண்டின்னா 300 லிட்டர். பதினஞ்சுன்னா 200. இருபதுன்னா 150. இருபத்தஞ்சுன்னா 120." பேனாவை வைத்தாள். "பத்துலேருந்து பதினஞ்சுக்குப் போனா நூறு லிட்டர் மிச்சம். அடுத்த அஞ்சுக்கு அம்பது லிட்டர். அதுக்கடுத்த அஞ்சுக்கு முப்பதுதான். மேல போகப் போக மிச்சம் தேயுதுடா தம்பி. நீ 27ன்னு குதிக்கிற, அதுல கடைசி ரெண்டுக்கு ஒன்பது லிட்டர்கூடத் தேறாது."

ஐரோப்பியர்கள் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதில்லை. நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் குடிக்கும் என்று கேட்கிறார்கள். கேள்வியைத் திருப்பிப் போட்டதும் இந்த மயக்கம் தெளிந்துவிடுகிறது. மதுராந்தகத்தில் அதைச் சொல்ல ஒரு பொருளாளர் தேவைப்பட்டார்.

டீசலுக்கும் நோட்டில் இடம் இருந்தது. பழைய ஆல்டோ 20 கொடுத்தால், பெட்ரோல் நூறு ரூபாய் என்று வைத்து, மாதம் 15,000. ஸ்விஃப்டுக்கு மச்சான் கேட்டபடியே 22 கொடுத்தாள். டீசல் 92 ரூபாய் என்றால் மாதம் 12,550 பக்கம். மிச்சம் 2,450. கூடப் போட்ட ஒன்றரை லட்சம் திரும்பி வர ஐந்து வருஷத்துக்குமேல் ஒரு மாதம். அந்த 2015 மாடலுக்கு அதற்குள் பதினைந்து வருஷம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்க எஃப்.சி.க்கு நிற்க வேண்டும். "லாபம் வர்ற அன்னைக்கு வண்டி ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல நிக்கும்" என்றாள். மச்சான் காபி ஆறுகிறது என்று எழுந்து போனான்.

எதிரில் நின்ற மாமனார் சி.என்.ஜி. என்று ஒரு வார்த்தை சொன்னார். டிக்கியில் சிலிண்டர் உட்கார்ந்துகொள்ளும், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அதற்கு டெஸ்ட் எடுக்க வேண்டும் என்றேன். அரிசி மூட்டைக்கு இடமில்லை என்று தெரிந்ததும் அவரே வாபஸ் வாங்கிக்கொண்டார்.

டோலும் நோட்டில் ஏறியது. 2025 ஆகஸ்டு 15ல் சொந்தக் கார்களுக்கு ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் வந்தது, அப்போது 3,000 ரூபாய். ஒரு வருஷம் அல்லது 200 தடவை, எது முந்துகிறதோ அதுவரை. மற்றவர்களுக்கு அது ஆண்டு பாஸ். தினம் போக வர பரனூர் தாண்டுகிற எனக்கு நான்கு மாதப் பாஸ். இருந்தாலும் ஒரு தடவைக்கு 15 ரூபாய், டீ விலைதான்.

இனி வண்டி. மெக்கானிக் பாய் இல்லாமல் நான் எந்த வண்டியையும் பார்க்கப் போவதில்லை. பாய் அதிகம் பேசமாட்டார். செங்கல்பட்டில் ஒரு டாக்டர் வண்டியின் கதவைத் திறந்ததும், பாய் இன்ஜின் பக்கமே போகவில்லை. டிரைவர் சீட் பெல்ட்டைப் பிடித்துக் கடைசி வரைக்கும் இழுத்தார். சாதாரணமாக யாரும் அவ்வளவு இழுப்பதில்லை. உள்ளே சுருண்டே கிடக்கிற அந்தக் கடைசி ஒரு சாணில், நேர்கோடாக ஒரு காவிநிறக் கறை.

"2015 டிசம்பர் வெள்ளத்துல தண்ணி பார்த்த வண்டி சார்."

புரோக்கர் அசரவில்லை. "அது காபி கொட்டினது பாய்."

"பெல்ட்டு சுருளுக்குள்ள போயி உக்காந்தா காபி குடிச்சாரு டாக்டரு?"

பிறகு பாய் குனிந்து பிரேக் பெடலைத் தடவிப் பார்த்தார். ரப்பரில் வரியே இல்லை, வழவழவென்று இருந்தது. மீட்டரோ 38,000 என்றது. "இவ்ளோதான் ஓடிச்சின்னா, டாக்டரு வண்டி ஓட்டல சார், பிரேக்க மட்டும் ஓட்டியிருக்காரு." டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். அதில் 1123 என்று இருந்தது. 2023 மார்ச்சில் செய்த டயர், அதுவும் பாதிக்குமேல் தேய்ந்திருந்தது. மீட்டரைத் திருப்புகிறவர்கள் டயரைப் படிப்பதில்லை போலும்.

இன்னொரு வண்டியில் இன்ஜினை ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறந்தார். புஸ்புஸ்ஸென்று உள்ளேயிருந்து புகை. "பேக் கம்ப்ரஷன் அடிக்குது, வாங்க போலாம்." வேறொன்றில் பானெட் போல்ட்டுகளில் பெயிண்ட் பெயர்ந்திருந்தது, அடிபட்ட வண்டி, முன்பக்க உள்தகடான ஏப்ரனை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்றார். பாய் அருகில் வந்தாலே புரோக்கர்களுக்கு அவசரமாக வேறு போன் வர ஆரம்பித்தது.

கடைசியில் அமைந்தது ஒரு மளிகைக் கடைக்காரரின் ஆல்டோ கே10. 2016 மாடல், இவர் இரண்டாவது ஓனர், மீட்டரில் 84,000, பின்பம்பரில் மாவு மிஷின் சுவரின் தழும்பு. மைலேஜ் கேட்டோம். கடைக்காரர் எடைக்கல்லைப் பார்க்கிற மாதிரி யோசித்தார். "பதினெட்டு கொடுக்கும். ஏ.சி. போட்டா பதினாறு. நான் கொஞ்சம் அழுத்தி ஓட்டுவேன், அதையும் சொல்லிடறேன்."

பாய் என் காதருகே வந்து, "இவ்ளோ கம்மியா சொல்றாருன்னா நல்ல வண்டி சார், விட்றாதீங்க" என்றார். 29, 30 என்று படிவங்களில் கையெழுத்து, ஆர்.சி.யில் பேர் மாற்றம். அவருடைய நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விட, இன்சூரன்ஸ் மட்டும் நான் நினைத்ததைவிடக் கொஞ்சம் கடித்தது.

வாங்கிய நாளிலிருந்து பாயின் உத்தரவு, டயரில் காற்று சரியாக இருக்க வேண்டும், முள் 80ஐத் தாண்டக்கூடாது. 80லிருந்து 100க்குப் போனால் வேகம் கால்பங்குதான் கூடுகிறது, காற்று எதிர்த்துத் தள்ளுவதோ ஒன்றரை மடங்குக்கும் மேல். மதுராந்தகத்திலிருந்து செங்கல்பட்டு வரை அப்படிப் பறந்து மிச்சம் பிடிக்கிற நேரம் நான்கு நிமிஷம். ஆகவே நான் இடதுபக்கமாக 80ல் போய்க்கொண்டிருக்க, திருச்சி பஸ்கள் என் பின்னால் வந்து தங்கள் கருத்தை ஹாரனில் தெரிவித்துவிட்டுப் போகின்றன.

டேங்க் ஃபுல் அடித்து, மறுபடி ஃபுல் அடித்துக் கணக்குப் பார்த்தால் 19 சொச்சம் கொடுக்கிறது. இப்போது பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். அதற்கு பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைச்சல். அதையெல்லாம் கழித்துப் பார்த்தால் 19 கௌரவமான எண். ஆனால் உண்மையைச் சொன்னால் ஊர் விடுவதில்லை. "பத்தொம்பதா? யாரோ ஏமாத்திட்டாங்க சார்" என்றார் கம்பெனி கேட் செக்யூரிட்டி. பக்கத்து வீட்டுக்காரர் கார்புரேட்டரை டியூன் பண்ணச் சொன்னார். அந்த வண்டியில் கார்புரேட்டரே கிடையாது. பங்கில் ஒருவர் ஏதோ ஒரு சொட்டு மருந்தை டேங்கில் ஊற்றச் சொல்லி பாட்டிலையே எடுத்து நீட்டினார்.

அதனால் இப்போது கேட்பவர்களிடம் 24 என்கிறேன். "பரவாயில்லையே" என்று போய்விடுகிறார்கள். போன மாதம் அச்சிறுபாக்கத்தில் ஒரு கல்யாணப் பந்தியில், இரண்டு இலை தள்ளி மச்சான் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: "மாமாவுக்கு நான்தாங்க பார்த்து எடுத்துக் கொடுத்தேன். 26 கொடுக்குது, ஏ.சி.யோட."