ஓரிரு இடங்களில்

மின்னல் என்று ஓர் ஊர் எங்கள் அரக்கோணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கற்பனை இல்லை. அங்கே மழைமானியும் உண்டு. மழைக்காலத்தில் வானிலை மையம் வெளியிடும் மழையளவுப் பட்டியலில் 'மின்னல் (ராணிப்பேட்டை)' என்று பெயர் வரும். வெளியூர்க்காரர் யாராவது படித்தால், மின்னலையும் சென்டிமீட்டரில் அளக்க ஆரம்பித்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைப்பார். நினைக்கட்டும். வானத்தைப் பற்றி நமக்கு வந்து சேரும் தாள்களில் இருப்பதிலேயே சின்னக் குழப்பம் அதுதான்.

2024 அக்டோபர் 16ஆம் தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு நான்கு மாவட்டங்களுக்கும் ரெட் அலர்ட். அதாவது 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்யலாம், அரசாங்கம் கையைக் கட்டிக்கொண்டு நிற்காமல் காரியத்தில் இறங்க வேண்டும் என்று பொருள். இறங்கினார்கள். பள்ளிக்கூடத்துக்கு லீவு. ஐடி கம்பெனிக்காரர்கள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று யோசனை. வேளச்சேரி மேம்பாலத்தில் ஜனங்கள் கார்களைக் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தினார்கள். 2015 வெள்ளத்தில் கார் முழுகியவர்களின் பயம் அது. அதைக் கேலி செய்ய எனக்கு மனசு வரவில்லை. 15ஆம் தேதி மழை கொட்டவும் செய்தது. சிவப்பு மையால் வட்டம் போட்ட 16 அன்றுதான் வானம் வெளுத்துவிட்டது. வங்கக் கடலில் இருந்த தாழ்வு மண்டலம் மேகங்களைக் கூட்டிக்கொண்டு வடக்கே ஒதுங்கி, 17 அதிகாலை சென்னைக்குச் சற்று வடக்கே சத்தமில்லாமல் கரையேறியது. கடன் கொடுத்தவரைத் தூரத்தில் பார்த்ததும் பக்கத்துச் சந்தில் திரும்புகிறவன் மாதிரி.

அந்த நான்கு பெயர்களில் எங்கள் மாவட்டம் இல்லை. அரக்கோணத்தில் மின்சார ரயில் ஏறி, புளியமங்கலம், மோசூர் தாண்டினால் திருவாலங்காடு. அது திருவள்ளூர் மாவட்டம். சிவனும் காளியும் போட்டி போட்டு ஆடிய ஊர் சிவப்பு மண்டலத்துக்குள். மூன்று ஸ்டேஷன் இந்தப் பக்கம் இருக்கிற நாங்கள் வேறு வண்ணத்தில். மேகம் மோசூரில் நின்று, 'ராணிப்பேட்டை மாவட்டம் 2019-இல் பிரித்தார்களே, அதன் எல்லை எதுவரைக்கும்?' என்று ஆளைக் கேட்டுவிட்டுத்தான் திரும்ப வேண்டும்.

எங்கள் ஊருக்கு இந்த நாடகத்தில் வேறு ஒரு வேஷம். தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது பட்டாலியன் இருப்பது அரக்கோணத்தில். கடற்படையின் ராஜாளி விமானத் தளமும் இங்கேதான். தமிழ்நாட்டில் எங்கே சிவப்பு விழுந்தாலும் இங்கிருந்து லாரி கிளம்பும். ரப்பர் படகும் கயிறும் மரம் அறுக்கிற மெஷினும் ஏற்றிக்கொண்டு, ஆரஞ்சு உடையில் பிள்ளைகள் போவார்கள். அவர்களைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். ஆனால் ஊரெங்கும் படகு அனுப்புகிற இந்த ஊரில், ஒரு சாதாரண மழைக்கு இரட்டைக்கண் வாராவதியில் தண்ணீர் நின்றால் அந்தப் பக்கத்து ஜனம் இந்தப் பக்கம் வரமுடியாது. ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்குகிறவன் எந்த வரைபடத்திலும் ஆரஞ்சாகக்கூட வரமாட்டான்.

கணிப்பு தப்பியதில் எனக்குக் கோபம் இல்லை. வெப்பமண்டலக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் ஐம்பது கிலோமீட்டர் தள்ளிப் போனால், ஒரு ஊரில் கொட்ட வேண்டியது இன்னொரு ஊரில் கொட்டும், அல்லது கடலிலேயே கொட்டித் தீர்த்துவிடும். வறண்ட காற்று கொஞ்சம் உள்ளே புகுந்தாலும் மேகம் குலைந்துபோகும். படித்தவர்கள் படாதபாடு படுகிறார்கள். என் கோபம் அந்தத் தாளின் மொழி மேல்.

'ஓரிரு இடங்களில் மிக கனமழை பெய்யக்கூடும்.' இந்த ஓரிரு என்பது பேச்சுவழக்கு ஓரிரு இல்லை. அதற்கு இலக்கணம் இருக்கிறது. அந்தப் பகுதியின் மழைமானிகளில் நூற்றுக்கு இருபத்தைந்துக்குள் பெய்தால் ஓரிரு. அதற்கு மேல் ஐம்பது வரை ஒருசில. அதற்கும் மேலே அநேகம், பெரும்பாலான. சோளிங்கரில் பெய்யலாம், நெமிலியில் பெய்யலாம், இரண்டிலும் பெய்யாமல் கலவையில் பெய்தாலும் கணிப்பு பாஸ். கோடாங்கிக்காரன்கூட 'மேற்கே இருந்து ஒரு சேதி வருது தாயி' என்று திசையைச் சொல்லி மாட்டிக்கொள்வான். இவர்கள் மாட்டவே மாட்டார்கள்.

கீழே இப்படி என்றால் மேலே கூரையே கிடையாது. மிக உயர்ந்த வகுப்பு '20 சென்டிமீட்டருக்கு மேல்'. அதோடு முடிந்தது. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. ஒரு வருஷத்து மழைக்கு மேல் ஒரு நாளில். ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு தண்ணீருக்கு நடுவே நின்றது. ரயிலுக்குள் பசியில் இருந்த குழந்தைகளை மீட்ட பிறகு நடந்த சண்டை என்ன தெரியுமா? 12ஆம் தேதியே எச்சரித்தோம் என்றார் ஒன்றிய நிதியமைச்சர். சொன்ன அளவு வேறு, பெய்த அளவு வேறு என்றது மாநில அரசு. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. தொண்ணூற்றைந்தும் இருபதுக்கு மேல்தானே!

இதற்கு எதிர்ப்பக்கமும் பார்த்தாயிற்று. 2021 டிசம்பர் 30 மத்தியானம், அன்று காலை வரை யாரும் எதிர்பாராத மழை சென்னையில் சில மணி நேரத்தில் ஊற்றியது. முதலமைச்சர் ஸ்டாலின் வானிலை மையத்தைப் பலப்படுத்தச் சொல்லி உள்துறை அமைச்சர் அமித் ஷாவுக்குக் கடிதம் எழுதினார். வானத்தைக் கைது செய்யச் சொல்லி எழுதவில்லை என்ற மட்டில் நிம்மதி. அப்புறம் பணம் வந்தது. 2024 செப்டம்பரில் 'மிஷன் மௌசம்' என்று 2,000 கோடி ரூபாய்க்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 2025-இல் வானிலைத் துறையின் நூற்றைம்பதாவது ஆண்டைக் கொண்டாடினார்கள். அதே வருஷம் மே மாதம், ஆறு கிலோமீட்டர் கட்டம் கட்டமாக நாட்டைப் பார்க்கிற புது முறையும் வந்தது. நல்லது. ஆறு கிலோமீட்டருக்கு ஒரு கண். அந்தக் கண்ணால் பார்த்ததை எங்கள் ஊர்க்காரனிடம் வந்து சொல்கிறவன் மட்டும் இன்னும் 'ஓரிரு' என்றுதான் ஆரம்பிக்கிறான்.

அமெரிக்காவில் பனிக்கும் இதே கதை உண்டு. 2015 ஜனவரி கடைசியில் நியூயார்க்குக்கு வரலாறு காணாத பனிப்புயல் என்றார்கள். இரண்டடிப் பனி விழலாம் என்று பயந்து சுரங்க ரயிலையே நிறுத்தினார்கள். சென்ட்ரல் பார்க்கில் விழுந்தது ஓரடிக்கும் குறைவு. பிலடெல்பியா, நியூஜெர்சிப் பக்கம் கணிப்புச் சொன்ன அலுவலகத்தின் பொறுப்பாளர் கேரி சட்கோவ்ஸ்கி, கணிப்பு தப்பிவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ராத்திரியே வெளிப்படையாக எழுதினார். பனி விழாததால் அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு மன்னிப்பாவது விழுந்தது. நமக்கு விழுவது மறுநாள் காலை அடுத்த அறிக்கை. நேற்றைய தாளில் என்ன எழுதியிருந்தது என்ற ஞாபகம் இன்றைய தாளுக்குக் கிடையாது.

மற்றவர்களைக் குறை சொல்லிக்கொண்டே இருந்தால் எப்படி என்று எங்கள் வார்டுக்கு நானே ஓர் அறிக்கை தயாரித்தேன்: 'அடுத்த 24 மணி நேரத்தில் ஓரிரு தெருக்களில் மணல் மூட்டைகள் அடுக்கப்படக்கூடும். மூட்டைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளும் நிகழ்வு பெரும்பாலான தெருக்களில் உறுதி. தார்ப்பாய் விலை பலத்த வேகத்தில் ஏறும். கால்வாய் தூர்வாரும் பணி, தென்மேற்குத் திசையில் நகர்ந்து, வலுவிழந்து, டெண்டர் பகுதியில் நிலைகொண்டுள்ளது.' ஒரு மழைக்காலம் முழுக்க சரிபார்த்தேன். ஒரு வரி தப்பவில்லை. இரண்டாயிரம் கோடியில் எனக்குப் பங்கு வேண்டாம். மணல் மூட்டையை மட்டும் எடுத்துப் போகச் சொல்லுங்கள். பையன்கள் ஸ்டம்ப்பாக நட்டு கிரிக்கெட் ஆடுவதில் இருந்த மணல் எல்லாம் சாக்கடைக்குள் போய்விட்டது.

இந்தப் பக்கத்தில் கணிப்பை மனசார நம்புகிற ஒரு கூட்டமும் உண்டு. ஆம்பூரிலிருந்து ராணிப்பேட்டை வரை, பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஷாப் இருக்கும் இடத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மழை வரும் என்றால் ராத்திரியோடு ராத்திரியாகச் சில இடங்களில் கழிவுநீர் திறந்துவிடப்படும். வெள்ளம் வந்து அடித்துக்கொண்டு போய்விடும். விடிந்தால் சாட்சி இருக்காது. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இந்தத் தோல் கழிவு வழக்கில்தான் 'கெடுத்தவனே செலவைக் கொடுக்க வேண்டும்' என்று தீர்ப்பு எழுதியது. சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் பாடம். ஆறு பாஸாகவில்லை, 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் அதே பாலாற்றுக்கு இன்னொரு தீர்ப்பு எழுத வேண்டி வந்தது. சரி, விஷயத்துக்கு வருகிறேன். ரெட் அலர்ட்டை நம்பித் திறந்துவிட்ட ராத்திரியில் மழை வராவிட்டால் என்ன ஆகும்? பாலாற்றில் மணலும் இல்லை, தண்ணீரும் இல்லை. நடு ஆற்றில் கறுப்பாக ஓர் ஓடை, அதன் மேல் வெள்ளை நுரை, நாற்றம் பாலம் வரைக்கும். பனி விழவில்லையே என்று ஏங்குகிறவர்கள் ஆம்பூர்ப் பாலத்தில் நின்று கீழே பார்க்கலாம். அரையடி உயரத்துக்கு வெள்ளை வெளேர் என்று கிடக்கும். காற்றடித்தால் பறக்கவும் செய்யும்.

2021 நவம்பர் 18. அன்றைக்கும் சென்னைக்கு ரெட் அலர்ட். டிவிக்காரர்கள் ரெயின்கோட் மாட்டிக்கொண்டு மெரினாவில் நின்றார்கள். தாழ்வு மண்டலம் 19 அதிகாலை புதுச்சேரிக்கும் சென்னைக்கும் நடுவே கரை கடந்தது. பயந்த அளவு மழை சென்னைக்கு வரவில்லை. தப்பித்தோம் என்று தலைநகரம் மூச்சுவிட்டபோது மழை மேற்கே இங்கே வந்திருந்தது. தண்ணீர் இல்லாத ஆறு என்று வேலூரைக் கேலி பேசுவார்களே, அந்தப் பாலாற்றில் விநாடிக்கு ஒரு லட்சம் கனஅடிக்கு மேல் ஓடியது. 1903-க்கு அப்புறம் இப்படிப் பார்த்ததில்லை என்றார்கள். பேரணாம்பட்டில் விடிகிற நேரத்தில் வீடு இடிந்து விழுந்து ஒன்பது பேர் செத்தார்கள். அதில் நான்கு பேர் குழந்தைகள்.

வரைபடத்தில் வேலூருக்கு எந்த வண்ணம் பூசினால் என்ன, ஊறிப்போன சுவருக்கு வண்ணமா தெரியும்? அந்தத் தெருவில் எந்தச் சுவர் விழும் என்று சொல்ல ராடார் வேண்டாம். வார்டு ஆள் ஒருவர் கை வைத்துப் பார்த்தால் போதும். சுவரைக் கை வைத்துப் பார்ப்பதற்கு மட்டும் மிஷன் எதுவும் இல்லை.

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் வேலை. விடிகாலை கம்பெனி பஸ் வந்துவிடும். போன மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, கனமழை எச்சரிக்கை என்று முதல் நாளே லீவு சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு வெயில் எப்படி அடித்தது என்றால், அக்கா வீட்டு மாடியில் மிளகாய் காயப்போட்டார். நான் கீழே இருந்து, "இன்னாக்கா, ரெட் அலர்ட்டா மிளகாய்க்கு?" என்றேன். சிரித்தார்.

சம்பளம் வந்தபோது அந்த நாள் பிடித்தம். போய்க் கேட்டிருக்கிறார். "நாங்களா லீவு வுட்டோம்? கவர்மென்ட் சொல்லிச்சு. கவலப்படாதம்மா, ஒரு ஞாயித்துக்கெழம வந்து ஈடு கட்டிடு" என்று பதில்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எந்த நிறமும் இல்லை. 'லேசானது முதல் மிதமானது' என்று இருந்தது. பஸ் நிற்கிற இடத்துக்கு அவர் தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, டிபன் பாக்ஸை ரவிக்கையோடு சேர்த்து அணைத்துக்கொண்டு நடந்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெருமுனை வரைக்கும்தான் தெரிந்தது. அதற்கு அப்பால் மழையில் எதுவும் தெரியவில்லை.