ஓராங் ஊத்தானுக்கு ஒரு வக்காலத்து

மஸ்ஜித் தானா,
மலாக்கா.

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இந்தப் பக்கத்தில் காடு என்றால் செம்பனைக் காடு. கயிறு பிடித்து, வரிசை பார்த்து நட்ட காடு. அதனாலோ என்னவோ, ஜான் ஃபாவ்ரோ எடுத்த ‘தி ஜங்கிள் புக்’ படத்தை அங்கே நம் ஊரில் ‘அச்சு அசல் காடு’ என்று மெச்சுவதைக் கேட்டால் இங்கே சிரிப்பு வருகிறது. அதுவும் நட்ட காடுதானே! 2016-இல் வந்த அந்தப் படம் லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டூடியோவுக்குள் எடுத்தது. ஓநாய்கள் வளர்த்த மோக்லியாக நடித்த நியூயார்க் பையன் நீல் சேத்தியைத் தவிர, புலி, கரடி, மரம், மலை என்று கிட்டத்தட்ட எல்லாமே கம்ப்யூட்டர் வரைந்தது. அதற்கு 2017-இல் ஆஸ்கர் கொடுத்தார்கள். கொடுக்கட்டும், முடிக்கு முடி அத்தனை உழைப்பு. என் வழக்கு வேறு. கரடியின் முடிக்குக் காட்டிய அக்கறையில் மாகாணியைக்கூட, மூலநூலை எழுதிய கிப்ளிங்கின் கதைக்குக் காட்டவில்லை என்கிறேன்.

முதல் சாட்சி குரங்கு ராஜா. 1967-இல் டிஸ்னி எடுத்த கார்ட்டூனில் லூயி ராஜா ஓர் ஓராங் ஊத்தான். இந்தியக் காட்டில் அது கிடையாதே என்று புதுப் படத்துக்காரர்களுக்கு ஞானம் பிறந்துவிட்டது. வாஸ்தவம்தான்; அது மலாக்கா நீரிணைக்கு எதிர்க்கரையான சுமத்ராவிலும், போர்னியோவிலும் வாழ்கிற சாது. ‘உனக்குப் பெர்மிட் இல்லை’ என்று அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, அதே வேலைக்கு ஜைகாண்டோபித்தெகஸ் என்ற ராட்சதக் குரங்கை எடுத்தார்கள். அந்த இனம் அற்றுப்போய் 2 லட்சம் வருஷத்துக்கு மேல் ஆகிறது. பல்லும் தாடையும் கிடைத்த இடம் தென் சீனா. உயிரோடு இருப்பவனுக்கு மறுத்த பெர்மிட்டைச் செத்தவனுக்குக் கொடுத்த இமிகிரேஷன் இது ஒன்றுதான் இருக்கும்! இவ்வளவு சரிபார்த்தவர்கள் புத்தகத்தையும் ஒரு தரம் புரட்டியிருக்கலாம். 1894-இல் வந்த அந்தப் புத்தகத்தில் குரங்குகளுக்கு ராஜாவே இல்லை. தலைவன் இல்லை, சட்டம் இல்லை, காலையில் பேசியது மாலையில் நினைவில்லை என்பதுதான் கிப்ளிங் அவற்றுக்குக் கொடுத்த குணம். இதற்கு மேல் ஒன்று: மலாய் மொழியில் ‘ஓராங்’ மனிதன், ‘ஊத்தான்’ காடு. காட்டு மனிதன் என்றால் சாட்சாத் மோக்லிதான்! மோக்லி கதையிலிருந்தே அவன் பேர்க்காரனை விரட்டியிருக்கிறார்கள்.

‘பிள்ளைகள் படம், கலகலப்பு வேண்டாமா?’ என்பீர்கள். வேண்டும்தான். ஆனால் அந்தக் கலகலப்புக்காக யார் யார் வேலை போயிற்று என்று பாருங்கள். புத்தகத்துப் பாலு கரடி ஒரு வாத்தியார். காட்டுச் சட்டத்தைத் தப்பாக ஒப்பித்தால் மோக்லிக்கு அடி விழும். படத்துப் பாலுவோ, பையனை ஏய்த்துத் தேனடைக்காகப் பாறை ஏற விடுகிற சோம்பேறி. குரங்குகளிடமிருந்து மோக்லியை மீட்கப் போரிட்ட மலைப்பாம்பு கா, படத்தில் அவனையே விழுங்கப் பார்க்கிறது. கிப்ளிங்கின் இரண்டாம் புத்தகத்தில் ஹாத்தி என்ற யானை, பஞ்ச காலத்தில் நீர்த்துறையில் யாரும் யாரையும் கொல்லக்கூடாது என்று அறிவிக்கிற பெரியவர். படத்து யானைகளுக்கு ஒரு வசனம்கூடக் கிடையாது. மஸ்ஜித் தானா இருப்பது அலோர் காஜா மாவட்டம், ‘காஜா’ என்றால் யானை. மாவட்டத்தின் சார்பிலேயே ஒரு கண்டனத் தீர்மானம் போடலாம். இத்தனை சில்லறைச் சிரிப்பைச் சேர்த்தும், நம் இந்தியச் சென்சார் போர்டு யு/ஏதான் கொடுத்தது. வாத்தியாரை வாத்தியாராகவே விட்டிருந்தாலும் பிள்ளைகள் சிரித்திருப்பார்கள். கண்டிப்பான வாத்தியாரைவிடச் சிரிப்பான ஆள் பள்ளிக்கூடத்தில் யார்?

இன்னும் கெட்டிக்காரத்தனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. கிப்ளிங் மட்டும் என்ன, பம்பாயில் பிறந்துவிட்டு, அமெரிக்காவின் வெர்மான்ட்டில் பனிக்கு நடுவே உட்கார்ந்துதானே கதை நடக்கும் சியோனிக் காட்டை எழுதினார்? அவர் அங்கிருந்து காடு கட்டலாம், ஃபாவ்ரோ கட்டக்கூடாதா? தாராளமாகக் கட்டலாம். ஆனால் ஊரை விட்டுப் போனவர் எழுதியதாலோ என்னவோ, புத்தகத்தின் நடுவில் எங்களைப் போன்றவர்களுக்குப் பழகிய சங்கடம் ஒன்று இருக்கிறது. ‘நீ மனுஷன், போ’ என்று ஓநாய்கள் மோக்லியைத் துரத்துகின்றன. அவன் கிராமத்தில் எருமை மேய்க்கிறான்; அந்த எருமைகளை விரட்டிவிட்டே புலி ஷேர்கானை மிதித்துக் கொல்ல வைக்கிறான். அதற்குக் கிராமத்தார் கொடுத்த சன்மானம், ‘மந்திரவாதி’ என்ற பட்டமும் கல்லடியும். இரண்டு வாசலும் சாத்தியாயிற்று. படத்தில் கிராமம் என்பது நெருப்பு எடுத்துவர ஓர் இடம், அவ்வளவுதான். புலி தீயில் விழுகிறது, பையன் கூட்டாளிகளோடு மரக்கிளையில் ஹாயாகச் சாய்ந்துகொள்கிறான். பெர்மிட்டில் நிற்பவன் கதையை பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) கிடைத்தவன் கதையாக்கிவிட்டார்கள், சித்தப்பா!

1942-இல் ஸோல்டான் கோர்டா எடுத்த பழைய படத்தைத் தேடிப் பாருங்கள். அதுவும் கதையை மாற்றாமல் விடவில்லை. ஆனால் மைசூர்ச் சீமை யானைப்பாகன் மகன் சாபு அதில் மோக்லியாகக் கிராமத்துக்குள் போகிறான், பெற்றவள் முன்னால் முழிக்கிறான். பாம்பு பொம்மை என்று பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்; பிடிக்கட்டும்.

சித்திக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்